மீனுக்கு ரத்தம் ஓடாது என்று சொன்னவன்

12 ஆகஸ்ட் 1936, புதன்

கோபம் அடங்கவில்லை. வாத்தியார் மேல் பாதி, என் மேல் பாதி.

போன வாரம் மகள் நூர்ஜஹான், "அத்தா, மீனுக்கு ரத்தம் எப்படி ஓடும்?" என்று கேட்டாள். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்ட மேதை நான். "மீனுக்கு ஓடுற ரத்தமே கிடையாதும்மா. அதனாலதான் ஆடு, கோழி மாதிரி அறுத்து ரத்தம் வடிய விடுறதில்ல" என்றேன். இன்று பரீட்சையில் அப்படியே எழுதிவிட்டாள்.

வாத்தியார் முட்டை போட்டதோடு விடவில்லை. பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, "உங்க வீட்டுப் பொண்ணுகளுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். இனிப் போகமாட்டேன் என்று அழுதாள். என் மனைவியின் அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தார். "நிறுத்திப்புடுங்க மாப்ள" என்றார்.

சாயங்காலம் சிம்மக்கல்லில் உயிரோடு ஒரு விரால் வாங்கிவந்து கீறினேன். ரத்தம் கையெல்லாம் வழிந்தது. செவுளுக்குப் பக்கத்தில் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"மீன் இதயத்துக்கு ரெண்டு அறை, அத்தா. தவளைக்கு மூணு, நமக்கு நாலு. கரப்பானுக்கு ரத்தம் குழாய்க்குள்ள நிக்காது, உடம்புக்குள்ள சும்மா தளும்பும். புத்தகத்துல இருக்கு."

"தெரிஞ்சுமா நான் சொன்னதை எழுதுன?"

"நீங்க சொன்னீங்கள்ல."

நாளை கடை திறக்கப் போவதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் நானே ஏறி நிற்கிறேன். மீன் விஷயம் என் தப்பு. எதுக்குப் படிப்பு என்று கேட்டாரே, அதற்கு அவர் எந்தப் பெஞ்சில் நிற்பார்?