அக்கா திறந்த போன்

ஜூன் 3

அடி வாயாடி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்த சூப்பர்வைசர் நாசமாய்ப் போக! புகார் கொடுத்தது சரி. அவன் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததும் நீ பயந்துபோய்ப் போனை அணைத்து வைத்ததும் சரி. அதனால் நாம் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, போகட்டும்.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு மட்டும் டிஜிட்டல் தடயவியல் சொல்லித் தருகிறார்கள் என்றேனே, சேர்ந்துவிட்டேன். போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் ஆதாரம் எடுக்கும் வேலை. காசு கிடையாது, ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம். ஒரு நர்ஸ், பள்ளிக்கூட குமாஸ்தா ஒருத்தி, நடுவில் ஜெராக்ஸ் கடைக்காரி நான். "ரெண்டு கிளாஸ்தான் போனா, அதுக்குள்ள வீட்டுல சீப்பைத் தொட்டாக்கூட கைரேகை பாக்குறா"ன்னு உன் மாமா கிண்டல் பண்ணுகிறார். பண்ணட்டும்.

போனைத் தொடாதே. அப்படியே எனக்கு அனுப்பு. அக்கா இருக்கேன்ல!

உன் அக்கா

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

போனைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். உன் டீச்சரிடம் கொடு. நீயே எதையாவது நோண்டாதே. உன்னை எனக்குத் தெரியாதா?

இங்கே கிடங்கில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் பில் போடும் மேஜைப் பக்கம் வந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. விசாரணைக் குழுவின் தலைவி அம்மா நல்லவர்தான். ஆனால் "வெறும் வாய் வார்த்தை போதாதும்மா, அவர் அனுப்பினதைக் காட்டு" என்கிறார். அவன் அனுப்பியதெல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் நான் பொய்க்காரி.

டீச்சருக்கு என் வணக்கம் சொல். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் வாயாடி

ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போனில் ஒன்றும் இல்லையடி. டீச்சரும் பார்த்துவிட்டார். எல்லாம் அழிந்துபோயிருக்கிறது. வரும் வழியில் ஏதாவது ஆகியிருக்கலாம் என்கிறார்.

மனசை விட்டுவிடாதே. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் அனுப்பிய உடனே பக்கத்தில் இருந்த யாரிடமாவது காட்டியிருக்கலாம் அல்லவா? கொஞ்சம் நிதானமாக இருந்திருக்கலாம். சரி, போனது போகட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரிதான். யாரிடமாவது காட்டியிருக்க வேண்டும். அறைத்தோழி கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, போனை அணைத்துவிட்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்! உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதிக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் புகாரை வாபஸ் வாங்கி, அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும். மாட்டேன் என்றால் வேலை போகும். உனக்கு எவ்வளவு அலைச்சல் கொடுத்துவிட்டேன் அக்கா. டீச்சரிடம் நன்றி சொன்னதாகச் சொல்.

உன் தங்கை

ஜூன் 24

தங்கைக்கு,

வகுப்பில் அறிக்கை எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்ன செய்தார் என்பதை அப்படியே எழுத வேண்டும், தப்புச் செய்திருந்தாலும். அதை உனக்கு எழுதுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி மாலை நாலேகாலுக்கு என் தங்கையின் போனை நான் திறந்தேன். அவன் அனுப்பிய மூன்று செய்திகளையும் என் கண்ணால் வாசித்தேன். முதல் செய்தி: "வேலை நிரந்தரம் ஆகுறவங்க லிஸ்ட்ல உன் பேர் இருக்கணும்னா ஞாயித்துக்கிழமை தனியா வா." வாசித்து முடித்த நிமிடம் போனில் நெட்வொர்க் வந்தது. அவன் ஏற்கெனவே தன் பக்கத்தில் அழித்துவிட்டிருக்கிறான். உன் போன் அணைந்திருந்த வரைக்கும் அது இங்கே எட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றும், "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒவ்வொன்றாக மாறின. நெட்வொர்க்கைத் துண்டிக்காமல் திறந்தது நான்.

அறிக்கை முடிந்தது. இனி உன் அக்கா எழுதுகிறாள்.

துண்டித்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். என் நோட்டில் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். உன் மாமா "எங்க, துப்பறியும் அம்மா, திறந்து காட்டு பாப்போம்" என்றார். கை அரித்தது. திறந்தேன்.

பதினாலாம் தேதி கடிதம் பொய். டீச்சரிடம் அப்போது காட்டவே இல்லை. உன் கடிதம் வந்த பிறகு, போன சனிக்கிழமைதான் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "மொதல்லயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். யாரும்மா திறந்தது?" என்றார். "என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். பதினைந்து பேர் இருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே பஸ் பிடித்து வந்திருக்கலாம். மூன்று மணி நேரப் பயணம். வரவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாலு நாளை ஓட்டிவிட்டேன். இன்று காலை டீச்சரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். "நீங்க அதை வாசிச்சிருக்கீங்க, நீங்களே சாட்சி, உடனே எழுதுங்க" என்றார். இந்தக் கடிதத்தைக் குழுவிடம் காட்டு.

மன்னித்துவிடு என்று கேட்கவும் கூசுகிறது.

அக்கா

ஜூன் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே நான் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எழுதினால் மட்டும் போதாது, வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசித்தேன். "தவறாகப் புரிந்துகொண்டு ஒரு நல்ல மனிதர்மேல் புகார் கொடுத்துவிட்டேன்." அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். "பரவால்லம்மா, சின்னப் பொண்ணு, மன்னிச்சிட்டேன்" என்றான். நான் நன்றி சார் என்றேன். ஆமாம் அக்கா, நன்றி என்றேன்.

போனைக் கெடுத்ததற்கு எனக்குக் கோபமில்லை. யாருக்கும் கை தவறும். ஆனால் நான் என்னையே முட்டாள் என்று எழுதியதை நீ படித்தாய். படித்துவிட்டு, உன் வகுப்பிலும் என்னையே சொன்னாய். அது எனக்கு ஆறவில்லை.

இன்று காலை உன் கடிதத்தைத் தலைவி அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "உங்கக்கா ஏம்மா இதை வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி தரல?" என்று கேட்டார். காகிதம் போதாதாம், வாசித்தவரே வந்து சொன்னால் மறுபடி விசாரிப்பார்களாம். அடுத்த திங்கள், ஆறாம் தேதி, காலை பதினோரு மணி. அவனும் இருப்பான். அந்தக் கேள்வியை உன்னிடமும் கேட்பார்கள்.

வா. என் அறைக்கு வர வேண்டாம். நேரே கிடங்குக்கு வந்துவிடு, வாசலில் பெயர் கொடுத்து வைக்கிறேன்.

தங்கை