தம்பியின் பேரில் அப்பா செய்த பொருத்தனை

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், என் மனசு மட்டும் கொதிக்கிறது. ஃபோனில் சொன்னால் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதனால் எழுதுகிறேன். அப்பாவின் லாரிக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், மணல்மேட்டில் ஏறி நின்று பிழைத்தாரே, அப்போது ஒரு பொருத்தனை செய்தாராம். உயிரோடு விட்டால் உன் தம்பியை ஊழியத்துக்குக் கொடுப்பதாக. என்னிடம் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை, நேரே போதகரிடம் போய் வேதாகமக் கல்லூரியில் இடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். மாதக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாராம். அவனோ ஏசி ரிப்பேர் பட்டறையில் இப்போதுதான் தனியாக வேலைக்கு அனுப்பும் அளவுக்குத் தேறியிருக்கிறான், அந்த வேலை என்றால் அவனுக்கு உயிர். போதகர் வீட்டுக்கே வந்து, ஆபிரகாம் பெற்ற மகன் ஈசாக்கையே மலைக்குக் கூட்டிப்போய்ப் பலியாகக் கொடுத்தாரே, உங்களுக்கு என்னம்மா என்கிறார். அவர் மகன் வங்கியில் இருக்கிறான், அவனை எந்த மலைக்கும் கூட்டிப்போகக் காணோம்.

நானும் அப்பாவும் பேசுவதில்லை. ஆனால் குடும்ப ஜெபம் நிற்குமா? நம் வீட்டில் சண்டை நடப்பதே முழங்காலில்தான் என்று உனக்குத் தெரியாததா. நேற்று அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உம்ம சித்தத்துக்குக் குறுக்க நிக்கிற ஒருத்தியோட மனசை உடையும்" என்றார். என் முறை வந்ததும் விடுவேனா? "ஆண்டவரே, ஆபிரகாம்கிட்ட நீர் கேட்டீர், கொடுத்தார். இந்த மனுஷன்கிட்ட நீர் கேட்கவே இல்லையே. யாக்கோபுகூட தன் சொத்துல பத்துல ஒண்ணு தர்றேன்னுதான் சொன்னார், அடுத்தவன் ஆயுசைத் தர்றேன்னு சொல்லல" என்றேன். தம்பி தலையைத் தூக்காமல், "அப்பா பண்ணின உடன்படிக்கைக்கு அப்பாவே போகட்டும், எனக்குக் காலையில வேலை இருக்கு, ஆமென்" என்று எழுந்து போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறான். நீ போகாவிட்டால் அப்பா அடுத்த இறக்கத்தில் தப்பமாட்டார் என்று சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பன் உயிரைப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவதற்குப் பெயர் விசுவாசமா? பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிடுவானோ என்றுதான் எனக்குத் தூக்கமில்லை.

ஈசாக்கின் மேல் கத்தி ஓங்கியபோது வானத்திலிருந்து ஒரு தூதன் கூப்பிட்டுத் தடுத்தான். இங்கே கூப்பிட வேண்டியது நீ. அப்பா உன் பேச்சுக்குத்தான் மசிவார். கடிதம் கிடைத்த அன்றே அவரைக் கூப்பிடு, குழையாமல் பேசு.

ஆண்டவர் உன்னையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் காப்பாராக. இரும்பு மாத்திரையை விடாமல் போடு. அந்தப் பிள்ளையின் பேரில் யாரையும் பொருத்தனை செய்யவிடாதே, அது நானாக இருந்தாலும் சரி.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா