குண்டூசிக்கு நீ சொன்ன பதில்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள செல்போன் ரிப்பேர் கடையில் நேற்று சாயங்காலம் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் போனைப் பிரித்துப் போட்டுவிட்டு, சால்டரிங் கம்பியை ஒரு மஞ்சள் பிசினில் தொட்டு எடுத்தார். ஒரு கீற்றுப் புகை எழுந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பொகை ஒத்துக்கலியா மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நான் தள்ளி நிற்கவில்லை. அந்தப் பிசினுக்கு ரோசின் என்று பெயர் என்பதை எனக்குச் சொன்னவள் நீ. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் கெஞ்சி ஒரு கட்டி வாங்கி வந்து, ஹாஸ்டல் அறையில் என் டிபன் பாக்ஸின் அடியால் நசுக்கிப் பொடியாக்கி, அதில் உன் ஷூவின் நுனியைத் தேய்த்துக்கொள்வாய். அப்போதுதான் மேடையில் வழுக்காதாம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் தயிர்சாதம் மரப்பிசின் வாசனை அடித்தது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரே அதைச் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், சாட்சிக் கூண்டில் ஏறியவள் மாதிரி. என் அப்பா கோர்ட்டு குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் வாய் நிறைய "வாங்க" என்பார். உள்ளே வந்து அம்மாவிடம், "எதுக்கு வந்துகீறான்னு கேளு" என்பார். அவர் எனக்குத் தந்த சீதனம் அந்த ஒரு குணம்தான். நீயும் என்னை முதல் வாரத்திலேயே 'சி.ஐ.டி.' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய்.

உன்னையும் நான் முதலில் நம்பவில்லை. கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்தவள், சின்ன வயதில் சில வருடம் மாஸ்கோவில் இருந்தவள், பாலே கற்றவள் என்றால் யார் நம்புவார்கள்? செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து அணுசக்தி வேலைக்குப் போன உன் அப்பாவை அலுவலகம் அங்கே அனுப்பியது என்றும், அந்தப் பனியில் உன்னை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் உன் அம்மா ஒரு நடனப் பள்ளியில் சேர்த்தார் என்றும் சொன்னாய். அளக்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் விரல் நுனியில் எழுந்து நின்றாய். அப்படியே நின்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஷூ ஒரு கதை. உன் அப்பாவின் நண்பர் ஒருவர் மாஸ்கோவுக்குப் போனபோது, உன் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து கொடுத்து அனுப்பியிருந்தாய். அவர் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் கால் வளர்ந்துவிட்டது, தாள் வளரவில்லை. வேறு ஷூவுக்கு எங்கே போவது? அந்தச் சிறிய ஷூவுக்குள்ளேயே பாதத்தைத் திணித்து ஆடினாய். ஆடி முடித்ததும் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டுதான் அதைக் கழற்றுவாய். ஒரே அறையில் இருந்த எனக்கே உன் பாதத்தைக் காட்டியதில்லை. எதையோ மறைக்கிறாள் என்று அதையும் என் கணக்கில் எழுதி வைத்தேன்.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்தில் நடன விழா அறிவித்தார்கள். நீ இரண்டு நிகழ்ச்சி கொடுத்தாய். ஒன்று, மாணவிகளை வைத்து நீயே அமைத்தது. இன்னொன்று, தனியாக ஒரு பாலே. முதலாவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாய். கரைவலை இழுப்பதை மணலில் உட்கார்ந்து பார்த்தோம். "இன்னாம்மா, காலேஜு பொண்ணுங்களா, சும்மா பாத்துகினே கீறீங்க? வந்து புடிங்க" என்றார் வலைக்காரர் ஒருவர். பிடித்தோம். உள்ளங்கை எரிந்தது. "கையால இழுக்காதம்மா, குதிகால மண்ணுல ஊனு" என்று அவர் சொன்னதுதான் உன் நடனத்தின் முதல் அடியாயிற்று. எனக்கு ஆட வராது. அதனால் கயிற்றின் கடைசி ஆளாக என்னை நிற்கவைத்து, "நீ யாரையும் நம்பாத மாதிரி பாத்துக்கிட்டு நில்லு, போதும்" என்றாய். எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

தனி நடனத்துக்குத்தான் சோதனை வந்தது. மேடை ஓரத்தில் நடராஜர் சிலை இருந்தது. செருப்புக் காலோடு மேடை ஏறக் கூடாது என்று விழாப் பொறுப்பாளர் அம்மா அடித்துச் சொல்லிவிட்டார். இது செருப்பில்லை மேடம், என் சலங்கை மாதிரி என்று நீ சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பூஜை போட்டு எடுத்துக்கோ" என்றார். அப்படித்தான் அந்த வெளிர் நிற ஷூ நடராஜர் காலடியில் அமர்ந்தது, ஆயுத பூஜைக்கு வைத்த ஸ்க்ரூடிரைவர் மாதிரி, நுனியில் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு. உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த அம்மா ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதைவிட உறுத்தியது உன் அப்பா. டிகிரி முடிந்ததும் பெங்களூரில் ஒரு நடனக் குழுவில் சேர வேண்டும் என்பது உன் ஒரே ஆசை. அங்கிருந்து வரச் சொல்லியும் இருந்தார்கள். "டான்ஸாடி இன்னா பண்ணப் போற?" என்று அவர் ஒரு வருடமாக அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அப்படிப்பட்டவர் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு போன் செய்து, நன்றாக ஆடு, நானும் வருகிறேன் என்றார். வரும்போது நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்றார். அப்பா மனம் மாறிவிட்டார் என்று நீ குதித்தாய். யார் அந்த நாலு பேர் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

விழா அன்று அரங்க வாசலில் நின்று வருகிறவர்களை நோட்டம் விட்டேன். உன் அப்பா இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். கூடவே பட்டுப்புடவையில் ஒரு அம்மா, ஒரு பெரியவர், புதுக் கைக்கடிகாரத்தோடு ஒரு இளைஞன். அந்த அம்மா கையில் இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. பல்கலைக்கழக விழாவுக்கு யார் பூ வாங்கி வருவார்கள்? அவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "பொண்ணு எப்ப வரும்?" என்றார் அந்த அம்மா. "கடைசில. வெள்ளை டிரஸ்ல வரும்" என்றார் உன் அப்பா. பையன் மறைமலைநகரில் இஞ்சினியர் என்பதும், பெண்ணுக்கு விஷயம் தெரியாது, கோயிலில் பார்ப்பதற்குப் பதிலாக இங்கே என்பதும் அடுத்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். "உன்னப் பொண்ணு பாக்க வந்துகீறாங்கடி. டான்ஸ் பாக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

நீ கண்ணாடியில் மை தீட்டிக்கொண்டிருந்தாய். "அப்பா அதுக்குத்தான் வந்தாரா?" என்றாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ மை தீட்டி முடித்தாய்.

வலை நடனத்துக்குக் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதன்பின் நீ தனியாக வந்தாய். பியானோ கேசட் ஓடியது. விசிலடிக்கத் தயாராக இருந்த கடைசி வரிசைப் பையன்கள்கூட அடங்கிப்போனார்கள். நான் திரையோரத்தில் நின்று உன்னைப் பார்க்காமல் அந்த நாலு பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல்தான்.

முடிந்ததும் உன் அப்பா அவர்களை மேடைக்குப் பின்னால் அழைத்து வந்தார். நீ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். அந்த அம்மா பூவை நீட்டிக்கொண்டே வந்தார். அப்போதுதான் நீ குனிந்து, நிதானமாக ரிப்பனை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்தாய். எனக்கே காட்டாத காலை அங்கே நீட்டினாய். கறுத்துப்போன நகங்கள், ஒரு விரலில் நகமே இல்லை, காய்ப்பு, வெடிப்பு. போதாக்குறைக்கு வியர்வையில் கரைந்த பூஜைக் குங்குமம் உள்ளே இறங்கி விரலிடுக்கெல்லாம் சிவப்பு.

அந்த அம்மாவின் கை பூவோடு பின்னால் போனது. "இன்னாம்மா இது, கால்ல?" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து நசுக்கினாய். அவர் உன் அப்பாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எங்க ஊர்ல ஆஸ்பத்திரியே கீதுங்க. இந்த மாதிரி காலெல்லாம் நாங்க பாத்தவங்கதான்" என்றார். செங்கல்பட்டுக்காரியான எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பூவை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"வேணும்னுதானே கழட்டினே?" என்று உன்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "கால் வலிச்சுது, கழட்டினேன்" என்பாய். ஒரு தடவை மட்டும், "அந்த வியாதி வந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? மருந்து சாப்ட்டா சரியாப் போற வியாதி. அதுக்கு ஓடுறவங்க வீட்டுல நான் எப்படி இருப்பேன்?" என்று கோபப்பட்டாய். என் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாய். அப்பா உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, உன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாராம். அந்த நோயில் உணர்ச்சி போய்விடும் என்று எங்கோ படித்திருக்கிறார். கையில் ஒரு குண்டூசி. "கண்ண மூடிக்கோ பாப்பா. குத்துறது தெரிஞ்சா சொல்லு." குதிகாலில் குத்தினார். தெரியுது என்றாய். கணுக்காலில் குத்தினார். தெரியுது என்றாய். கட்டைவிரலில் குத்தினார். புண்ணான இடம், உயிர் போகிற வலி. நீ, "தெரியலப்பா" என்றாய்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கத்தினேன்.

"இனிமே யாரையும் பொண்ணு பாக்கக் கூட்டிட்டு வர மாட்டார் இல்ல?" என்றாய். பிறகு ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய்.

நீ நினைத்தபடியேதான் நடந்தது. கல்யாணப் பேச்சு நின்றது. பெங்களூருக்குப் போகச் சொல்லிவிட்டார். போய் ஆடினாய், பேர் வாங்கினாய். எனக்கு மட்டும் அந்த மனிதர்மேல் ஆறவே இல்லை. பெற்ற மகளை ஊசியால் குத்திப் பார்த்தவர். அதைவிட, வியாதி என்று நம்பியவர் ஏன் ஒரு டாக்டரிடமும் உன்னைக் கூட்டிப்போகவில்லை? ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறார், அதற்குத்தான் கண்காணாத இடத்துக்கு அனுப்பினார் என்று எனக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் நீட்டுகிற காபியைக்கூட வேண்டாம் என்பேன்.

நீயோ அவரை ஏமாற்றிவிட்டதாகவே உருகிக்கொண்டிருந்தாய். கல்பாக்கத்து வெயிலிலும் அவர் எதிரில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தாய். கடைசியாக மாமல்லபுரம் கடற்கரையில் நாம் உட்கார்ந்திருந்தபோதும், "அப்பாகிட்ட சொல்லிடணும்டி. எவ்ளோ வேதனைப்பட்டிருப்பார்" என்றாய். அடுத்த முறை வரும்போது சொல்வதாக இருந்தாய். அதற்குள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் வழக்கப்படி கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார். சுவரில் சாய்ந்திருந்த உன் அப்பா எழுந்து வந்தார். "இறுக்காதப்பா. அவளுக்கு அங்க வலிக்கும்" என்றார்.

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. அங்கே வலிக்காது என்றுதானே இத்தனை வருடமும் அவர் நம்பியிருக்க வேண்டும்?

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் அவரிடம் போய்க் கேட்டேன். "அன்னிக்கி அவ தெரியலன்னுதானே அங்கிள் சொன்னா?"

"வாய் சொல்லிச்சும்மா. வெரலு உள்ள இழுத்துகினுச்சு. காலு என் மடியிலதான் இருந்துச்சு, எனக்குத் தெரியாதா?" என்றார். "கண்ண இறுக்க மூடிகினு, உதட்டக் கடிச்சிகினு பொய் சொல்றா. அப்பதான் எனக்கு ஒறைச்சிது, இவ எவ்ளோ ஆசைப்பட்டா இத்தத் தாங்குவான்னு. சரி, போவட்டும்னு ஊசியக் கீழ வச்சிட்டேன்."

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மாட்டிகினோம்னு தெரிஞ்சா கூச்சப்படுவா. சந்தோஷமா ஆடிகினு இருந்தா. அதுல போயி நான் எதுக்கும்மா?"

உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

யார் எதைச் சொன்னாலும் இதில் என்ன உள்குத்து என்று பார்க்கிறவள் நான். அவர் சொன்னதை மட்டும் எப்படிப் புரட்டிப் பார்த்தும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நீ உன் அப்பாவை ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். இந்தச் சேதியை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக அலைகிறேன். கேட்டால் துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் நீ ஒருத்திதான். உன்னிடம்தான் சொல்ல முடியவில்லை.