நீ போட்ட எட்டு

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இன்று சூடான தாள்கள் கைக்கு வந்ததும், அந்த மை வாசனையில் நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. இப்படி நகலெடுத்த அரசாணைகளின் தலைப்பையும் ஆண்டையும் அட்டைத் துண்டால் மூடித்தான் என்னிடம் நீட்டுவாய். "எந்த ஆட்சின்னு தெரிஞ்சா உன் கை தானா சாஞ்சிரும் பாய்" என்பாய். என் கட்சிப் பற்று உனக்கு எப்போதும் கிண்டல்தான்.

நிலக் கொள்கையும் தொழிலாளர் கொள்கையும் காலப்போக்கில் யார் பக்கம் சாய்ந்தன என்று அளக்க உட்கார்ந்தவர்கள் நாம். முழுக்க முதலாளி பக்கம் என்றால் சுழியம், முழுக்கச் சாதாரண சனங்கள் பக்கம் என்றால் பத்து. தனித்தனியாக மதிப்பெண் போடுவோம். இருவரும் ஒப்பாமல் எதையும் திருத்தக் கூடாது என்பது பேச்சு.

போச்சம்பள்ளிப் பக்கம் ஆலைக்கு நிலம் எடுத்த ஆணையில்தான் முட்டிக்கொண்டோம். அதில் ஊர்ப் பெயரை மூட மறந்திருந்தோம். நான் இரண்டு போட்டேன், நீ எட்டு.

"உங்கப்பா நெலம் போன ஆணைடா அது! எட்டு போட எப்படிடா மனசு வந்துச்சு?"

"நெலம் போனது எங்க வூட்டுக் கத. நெலம் குடுத்த வூட்டுக்கெல்லாம் ஒரு பர்மனென்ட் வேலைன்னு எழுதியிருக்கில்ல? எழுதியிருக்கறதுக்குத்தான் மார்க்கு."

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். சமாதானமாவதற்குள் சூளகிரி அருகே ஒரு லாரி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அந்தக் கடையில் நிற்கும்போதே, நம் அறிக்கையை அச்சிடுகிறவர் போன் செய்தார். "அந்த எட்டால கிராஃப் கோணலா வருது சார். அவருதான் இல்லையே, நீங்களே ரெண்டாக்கிக் குடுத்துடுங்க. சாயந்திரத்துக்குள்ள வேணும்."

ஒரே நிமிட வேலை. தடுக்க ஆளில்லை என்பதே என்னைப் பயமுறுத்தியது. கையிலிருந்த அந்தப் போச்சம்பள்ளி ஆணையையும், அதற்குப் பதிலாகப் பின்னால் வந்த ஆணையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதே வாசகம், அதே இழப்பீடு. வேலை தருவோம் என்ற வரி மட்டும் புதியதில் இல்லை. புதியதற்கு நாம் இருவருமே இரண்டுதான் போட்டிருந்தோம்.

உன் எட்டையும் இரண்டாக்கினால் இரண்டு ஆணையும் ஒன்றாகிவிடும். உங்கள் ஊர்க்காரர்களிடமிருந்து நடுவில் அந்த வேலை வாக்குறுதி பறிபோனது யாருக்கும் தெரியாது.

"எட்டு அப்படியே நிக்கட்டும். கோணலாவே போடுங்க" என்று போனை வைத்தேன்.

திருத்த வேண்டியது என் இரண்டைத்தான். அதற்கு உன் சம்மதம் வேண்டும். எங்கே போய்க் கேட்பேன்? தப்பென்று தெரிந்தே என் இரண்டு அச்சேறுகிறது. நீ சொன்னதுதான்டா சரி. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.