சத்தம் போடாத மெஷின்

என்மேல் கோபமாக இருப்பவளுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு காபி மெஷின் வாங்கிவிட்டேன்.

'கொடுத்த காசுக்குத் தகுமா?' என்று வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பத்திரிகையில் வாராவாரம் அளக்கிறவன், போன மாதம் நம் வீட்டுக் காபி மெஷினைப் பற்றி எழுதினேன். "இருபத்தாறு வருஷமாக ஓடுகிறது. காபி பிரமாதம். சத்தம்தான் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது." நம் வீட்டில் மெஷினே கிடையாது, அது தெருவுக்கே தெரியும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி உன்னிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தாளாம். அன்று சாயங்காலமே நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

மறுநாளே ஓடிப்போய் மெஷின் வாங்கினேன். யாராவது கேட்டால், "நான் எழுதினது இதைப் பத்தித்தாங்க" என்று காட்டலாமே. நல்ல மெஷின். பட்டனை அழுத்தினால் நுரையோடு வருகிறது. தினமும் இரண்டு கப் குடிக்கிறேன். என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நேற்று சகலை போன் செய்தார். கிண்டலுக்குப் பதில் கிண்டலோடு தயாராகத்தான் இருந்தேன். "சகல, உங்க மெஷின் இங்க வந்து மூணு வாரமாச்சு. சத்தமே இல்ல. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட தலைய மட்டும் ஆட்டுது" என்றார். போனை வைத்ததும் பேனாவை எடுத்தேன்.

நான் எழுதியது தப்பு. அதை இந்த வாரப் பத்தியிலேயே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வந்து திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாய்க்கொழுப்பு விரலுக்கு இறங்கியவன்

பி.கு.: மெஷின் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. கத்தரிக்கோலை எங்கே வைத்திருக்கிறாய்?