கோவிந்தனுக்கு ஒரு பிடி எள்

அண்ணே,

முதலில் நல்ல சேதி. பெரியவன் மகன் செராமிக் படிப்பில் முதல் வகுப்பில் தேறி, சூளை வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மகள் வயிற்றுப் பேத்தி எஸ்.எஸ்.எல்.சி.யில் ஸ்கூலிலேயே முதல். கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் கிண்ணம் வாங்கினான். தூங்கும்போதும் அது தலைமாட்டில்தான். ஐந்தாவதோடு படிப்பு நின்ற என் வீட்டில் இத்தனை.

நாளை மறுநாள் மாசி மகம். ஆற்றுக்குக் கொண்டுபோக எள் புடைத்தேன். அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவுக்கு நீங்கள் தபால்காரர். வெள்ளைக்கார ராணி காலத்துப் பர்மா சண்டைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போன சிப்பாய்களை நீங்கள் ஏன் தேட ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லீவு நாளில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிழவர்களை விசாரிப்பீர்கள். கிடைத்த பெயரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவீர்கள்.

அந்தத் தாளை என் மாமியாரிடம் காட்டியபோதுதான் அத்தை வாய் திறந்தார். அவருடைய அப்பா கோவிந்தனும் அந்தச் சண்டைக்குப் போனவர். அத்தை அப்போது வயிற்றுப் பிள்ளை. போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று ஊர் பேசியது. அத்தையின் அம்மா பொட்டும் தாலியுமாகவே காத்திருந்து போய்ச் சேர்ந்தார். மாசி மகத்துக்கு ஊரே மணிமுத்தாற்றில் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, அத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பார். உயிரோடு இருப்பவருக்குத் தண்ணீர் விட்டால் பாவம் இல்லையா?

"செத்தாரா இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு தம்பி. தண்ணி வுடணுமா வேணாமான்னு தெரியாமலே எனக்கு எண்பது வயசாயிடுச்சு" என்றார்.

எண்பது வயதுப் பெண்ணின் அப்பா இன்னும் இருப்பாரா என்று நீங்கள் சிரிக்கவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்தது.

ஆறு மாதம் கழித்து வேப்பூரில் ஒரு கிழவர் கிடைத்தார். அவருடைய அப்பா சண்டையிலிருந்து திரும்பியவர். விருத்தாசலத்துப் பக்கத்து ஆள் கோவிந்தன் என்று ஒருவர், காய்ச்சலில் செத்து, பர்மாவிலேயே ஓர் ஆற்றங்கரையில் புதைக்கப்பட்டதாக அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். நீங்கள் வந்து சொன்னீர்கள். அத்தை அழவில்லை. அந்த மாசி மகத்தில் என் வீட்டுக்காரர் தன் தாத்தாவுக்குத் தண்ணீர் விட்டார். கரையில் நின்று பார்த்துவிட்டு வந்த அத்தை இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டார்.

பங்குனியில் நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்காராமல் நின்றீர்கள். கம்மாபுரத்தில் ஒரு வீட்டில் மெடல் ஒன்றைப் பார்த்தீர்களாம். விளிம்பில் இங்கிலீஷில் கோவிந்தன் என்று வெட்டியிருந்ததாம். காய்ச்சல், ஆற்றங்கரை, எல்லாம் அந்த வீட்டாரும் அப்படியே சொன்னார்களாம். செத்தவர் அவர்கள் வீட்டுக் கோவிந்தன்.

சொல்ல வேண்டாம் என்றேன். அத்தை இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார் என்றேன்.

"தப்பான வூட்டுல கடுதாசியக் குடுத்துட்டு, தெரிஞ்சும் எப்படி தங்கச்சி போறது?" என்று உள்ளே போய்விட்டீர்கள்.

நீங்கள் சொன்னதை அத்தை முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கோவிந்தனுக்குப் புள்ளகுட்டி உண்டா?" என்று கேட்டார்.

"கல்யாணமே ஆவல பெரிம்மா."

"அவங்க யாராச்சும் தண்ணி வுட்டாங்களா?"

"இல்லியாம்."

"அப்ப நாம வுட்டது அவருக்குப் போயிருக்கும். வீணாவல. நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற, டீயக் குடி."

அத்தையின் அப்பாவைப் பற்றி அப்புறமும் ஒன்றும் தெரியவில்லை. அத்தையும் போய்விட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். கம்மாபுரத்துக் கோவிந்தனுக்கு மட்டும் வருஷம் தவறாமல் தண்ணீர் விடுகிறோம். இப்போது என் மகன் விடுகிறான். என்ன உறவு என்று ஐயர் கேட்டால், சொந்தந்தான் என்பான். அத்தையின் அப்பாவை இன்னும் சேர்க்கவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே.

பதினொரு சிப்பாய்களைக் கண்டுபிடித்தீர்கள். ஒருவருக்குக்கூட முகம் தெரியவில்லை என்று குறைப்பட்டீர்கள். போன வாரம் பேரப்பிள்ளைகளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். எந்தத் தாத்தா என்று கேட்டார்கள். காட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்: அப்பாவின் படத்தைப் புதிதாக ஒரு பிரதி போட்டு, தபாலில் அனுப்பு.