தண்ணித்தொட்டிக்கு அடுத்த திருப்பம்

முதலில் சிரித்துவிட்டு அப்புறம் திட்டுகிற என் அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் புது வீட்டு வீதிக்கு ஒரு நாய் குடிவந்திருக்கிறது. குரைக்க வேறு ஆள் கிடைக்காமல் என்னைப் பார்த்தே காலையும் மாலையும் குரைக்கிறது.

ஆமாம் அப்பா, சிங்காநல்லூரைத் தாண்டி, சித்தப்பா காட்டிய அந்த சைட்டுக்கே வந்துவிட்டோம். லே-அவுட் என்கிறார்கள். நான் ஆல்-அவுட் என்கிறேன். பேர் மட்டும் நகர். பொழுது சாய்ந்தால் ஒரு நிழல்கூட நகராது. சோளக்காடாக இருந்த இடத்தில் கல் நட்டு, நடுவில் நாலே வீடு.

நீங்கள் இருந்தவரை இந்தப் பேச்சு எடுபட்டதா? "எல்லாரும் வெளிய போய்ட்டா ஊருக்குள்ள யாருப்பா இருக்கறது?" என்று சித்தப்பாவை மடக்குவீர்கள். கீழே பாத்திரக்கடை, மேலே வீடு, அதைவிட்டு நகரமாட்டீர்கள். பக்கத்துக் குடைக்கடை காதர் மாமாவும் நீங்களும் கடைகடையாக ஏறி, "ரோட்டை அடைச்ச பலகையை உள்ள எடுங்க, விளக்குப் போடுவோம், சனம் திரும்பி வரும்" என்று கெஞ்சினீர்கள். "மொதல்ல உங்க அண்டாவ உள்ள எடுங்க" என்று சிரித்தார்கள். எடுத்தீர்கள். அந்த அண்டாவுக்குள் நான் ஒளிந்திருந்தது வேறு கதை.

விளக்கு வந்துவிட்டது அப்பா. போன வாரம் போய்ப் பார்த்தேன், வீதியே மஞ்சளாக ஜொலிக்கிறது. நம் கடையில் யாரோ செருப்பு விற்கிறார்கள். "உங்கப்பன் இதப் பார்க்காம போய்ட்டாரே கண்ணு" என்றார் காதர் மாமா. மாடி ஜன்னலை மட்டும் அண்ணாந்து பார்க்காமல் வந்துவிட்டேன். நீங்கள் அங்கே நின்றிருந்தால் நான் என்ன செய்வது?

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடிமாறும்போது போய்ச் சேர்ந்தவர்களையும் கூட்டிப்போக வேண்டும். மகன் கையில் சொம்புத் தண்ணீர், திருப்பத்துக்குத் திருப்பம் வாய்விட்டு வழி சொல்ல வேண்டும். நீங்கள் பேர் வெட்டிய சொம்பைக் கொடுத்து அம்மா என்னை லாரியில் ஏற்றினாள். நான் சும்மா வருவேனா? "அப்பா, சுங்கம் முக்கு வந்துருச்சுங்க, லாரி திரும்புது, கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

"ஏனுங்க தம்பி, அப்பாவுக்கு எடம் பத்துதுங்களா?" என்றார் டிரைவர்.

"பீரோ மேல உக்காந்துட்டாருங்க. காத்து நல்லா வருதாமா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பையன் கல்லு மாதிரிங்க அண்ணி" என்று அம்மாவிடம் சித்தப்பாவே சொன்னார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒரு திருப்பம் விடவில்லை.

அப்புறம் ஏன் இப்படி? இருட்டத் தொடங்கியதும் காலி சைட்டுப் பக்கமிருந்து ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம். டம்ளரில் நீங்கள் பேர் வெட்டுவீர்களே, அந்த மெஷின் சத்தம். தண்ணித்தொட்டி மோட்டார் என்கிறார் சித்தப்பா. மோட்டார்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் மோட்டார் எதற்கு நடுவில் நிறுத்தி, தூசியை ஊதிவிட்ட மாதிரி கொஞ்சம் பொறுத்து, மறுபடி தொடங்குகிறது? அம்மாவும் அந்நேரம் குழாயை மூடிவிட்டுக் காது கொடுக்கிறாள். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வதில்லை.

சரி, சொல்லிப்போடுகிறேன். தண்ணித்தொட்டி வரைக்கும்தான் வழி சொன்னேன். அங்கே லாரி திரும்பியது. சொம்பு சட்டையில் கவிழ்ந்தது. சட்டை ஏன் நனைந்தது என்பதற்குக் காரணம் கிடைத்த சந்தோஷத்தில் வீடு வரும்வரை அழுதேன். அந்தக் கடைசித் திருப்பத்தை உங்களுக்குச் சொல்லவே இல்லை. "எல்லாம் சொல்லிட்டேம்மா" என்று அளந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்குங்க. தொட்டிக்கு அடுத்து பீச்சாங்கைப் பக்கம், பச்சை கேட். நாய் குரைத்தால் அதுதான் நம்ம வீதி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு தினமும் தொட்டிகிட்ட வந்து நிற்பேன், நீங்கள் வருகிறவரை நிற்பேன். தனியாக நிற்க பயமாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் வந்துருங்கப்பா.

அண்டாவுக்குள் ஒளிந்த உங்கள் மகன்,
செந்தில்